கேட் புரோகிராம் எழுதிய எஸ்தர்

காலை ஷிப்ட் தொடங்குமுன் செக்யூரிட்டி போன் செய்து, "மேடம், எஸ்தர் மேடத்தை டிரெய்லர் லாரி அடிச்சிட்ச்சாம். ஸ்பாட்லயே போய்ட்டாங்களாம்" என்றார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சாலை தெரியும். வள்ளூரிலிருந்து அவள் ஏன் ஸ்கூட்டரில் வந்தாள் என்பதும் தெரியும். கம்பெனி பஸ்ஸில் காண்டிராக்ட் ஆட்கள் ஏறக் கூடாது. பாதி பஸ் காலியாகத்தான் வரும். நான் அதில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவேன்.

எங்கள் இரும்பு ஆலையின் கேட்டில் லாரிகளைப் பதிவு செய்யும் புரோகிராமை ஜாவாவில் எழுதியவள் எஸ்தர். ஜாவாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புரோகிராமின் ஒவ்வொரு பகுதியும் ஒரு கிளாஸ்; பப்ளிக் கிளாஸுக்கு என்ன பெயரோ, அது இருக்கும் கோப்புக்கும் அதே பெயர் வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும், எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஏற்காது. புது மேனேஜருக்கு இது தெரியாது. ஆடிட்டுக்கு அழகாக இருக்கட்டும் என்று எல்லாக் கோப்புப் பெயர்களுக்கு முன்னாலும் கம்பெனி பெயரை ஒட்ட வைத்தார். உள்ளே கிளாஸ்களை யாரும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு திருத்தத்துக்காகப் பழையதை நிறுத்திவிட்டுக் கம்பைல் செய்தால், திரை முழுக்கப் பிழைகள். கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை லாரிகள் நின்றன.

சர்ச்சிலிருந்து நேராக வந்தாள் எஸ்தர். "இன்னா சார், வெளிய ஒரு பேரு, உள்ள ஒரு பேரு வெச்சிக்கினு இருந்தா இது எப்பிடி ஒத்துக்கும்?" என்று சிரித்தாள். எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு, கழுத்தில் தொங்கிய காண்டிராக்டர் கம்பெனி அட்டையைத் தூக்கி என்னிடம் காட்டினாள். "மனுசங்கன்னா ஒத்துக்குவாங்க, இல்லடி?"

இறந்த ஊழியரின் படத்தை கேட் போர்டில் மாலை போட்டு வைப்பது எங்கள் வழக்கம். அவள் படத்தோடு எச்.ஆரிடம் போனேன். "அவங்க நம்ம ஆளு இல்லீங்களே" என்றார், அவள் எழுதிய புரோகிராமில் லாரி நம்பர் பார்த்துக்கொண்டே.

அவளுக்குப் பிறகு அந்தப் புரோகிராமை நான்தான் கவனிக்கிறேன் என்பதால், அடுத்த வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கோப்புகளின் தலைப்பில் 'எழுதியவர்: எஸ்தர்' என்றிருக்கும் வரியை எடுத்துவிட வேண்டுமாம். "வெறும் கமென்ட்தானே, கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, எடுத்தாலும் ஓடும்" என்றார். இதற்குள் ஜாவா நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறார். அவர் சொன்னது சரிதான். கிளாஸ் பெயரைத் தொட்டால் சண்டைக்கு வரும் கம்பைலர், எஸ்தர் பெயரை எடுத்தால் ஒன்றும் சொல்லாது.

முடியாது என்றேன். மெமோ கொடுத்திருக்கிறார்கள். எஸ்தரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த ஒரு வரிதான். வேறு யாராவது அழித்துக்கொள்ளட்டும், என் கையால் அழிக்க மாட்டேன்.