நான் அக்கா கட்சி

தென்னூரில் எங்கள் தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி நற்செய்தி வாசிப்போம். எந்த வீட்டில் கூட்டமோ, அந்த வீட்டுக்காரிக்கு மட்டும் வாசகம் கேட்கக் கொடுத்துவைக்காது. அவள் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருப்பாள். இருபது வருஷமாக என் வீட்டிலும் இதே கதைதான்.

போன மாதம் எங்கள் முறை. வாசகம் எது என்று தெரிந்ததுமே எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆண்டவர் ஒரு வீட்டுக்கு வருகிறார். அக்கா ஓடியாடிச் சமைக்கிறாள்; தங்கை அவர் காலடியில் உட்கார்ந்து கேட்கிறாள். அக்கா புலம்புகிறாள். தங்கை செய்ததுதான் சரி என்கிறார் ஆண்டவர். இதை வாசித்துவிட்டு அக்காவைக் குறை சொல்லாத ஆளை நான் பார்த்ததே இல்லை. சொல்லி முடித்த கையோடு, "டீ வரலையா?" என்பார்கள்! இந்த முறையாவது கூட்டத்தில் உட்கார்ந்து, மனசில் இருப்பதைக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. கேசரி கிளறி முடியவில்லை, அதற்குள் கூடத்தில் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அப்போது பக்கத்து வீட்டு மாமி, வாங்கிப்போன கிண்ணத்தைத் தரக் கொல்லை வழியாக வந்தார். என் வயதுதான், ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டுப் பல வருஷம் அங்கே இருந்தவர். அவரிடம் கதையைச் சொல்லிப் பொருமினேன். மாமி சிரித்துவிட்டார்.

"எங்காத்து வாசல் வழியாத்தான் பெருமாள் எழுந்தருளுவார். சேவிக்க வந்த உறவுக்கெல்லாம் தளிகை பண்ணிண்டு நான் அடுப்படியிலயே கிடப்பேன். மேளச் சத்தம் கேட்டு ஓடி வந்தா, அவர் அடுத்த தெரு திரும்பியிருப்பார்" என்றவர், சட்டென்று என் அடுப்பை அணைத்தார். "உங்க ஆண்டவர் அந்த அக்காவைத் திட்டலை. நீயும் வந்து உட்காரேன்னு ஆசையாக் கூப்பிட்டிருக்கார். போங்கோ."

கிண்ணத்தை மேடையில் வைத்துவிட்டு அவரும் கிளம்பினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக அதை அதட்டல் என்றே நினைத்திருந்தேனே!

கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கூடத்தில் உட்கார்ந்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசித்து முடித்த என் கணவர், "யாராவது சொல்லணும்னா சொல்லுங்க" என்றார்.

"ஒரே ஒரு சந்தேகம்ங்க" என்றேன். "ஆண்டவரோட சீடர்களும் வந்திருப்பாங்கள்ல? அந்த அக்கா தனியாத் தவிக்கிறப்ப, ஒருத்தராச்சும் எழுந்து போய் ஒத்தாசை பண்ணாங்களா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஆண்கள் அவசரமாக பைபிளைப் புரட்டினார்கள். என் கணவர் மட்டும் எழுந்து உள்ளே போனார். ஏதோ பாத்திரம் உருண்டது. பிறகு குரல் வந்தது.

"ஏம்மா, சர்க்கரை டப்பா எங்க இருக்கு?"

பழக்கதோஷத்தில் பாதி எழுந்துவிட்டேன். அப்புறம் சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டேன்.