சுகந்தி மேடமும் ரோமாபுரிச் சீர் சாமியும்

சுகந்தி மேடம் போய்விட்டார்.

நேற்று மதியம் சாப்பிட்டுப் படுத்தவர்... எழுந்திருக்கவில்லை. மில் வாட்ஸப் குரூப்பில் பார்த்துவிட்டு, எவனோ தப்பாகப் போட்டிருக்கிறான் என்று அவனைத் திட்டி வாய்ஸ் மெசேஜ் கூட அனுப்பிவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கப்பலூரில் நான் ஃபிட்டராக இருந்த ரவை மில்லில் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் அவர். அந்த மில்லில் நான் தொடாமல் ஒரு மோட்டார் சுற்றியதில்லை, மேடம் பார்க்காமல் ஒரு மூட்டை வெளியே போனதில்லை. மில் என்றால் நாங்கள் ரெண்டு பேர்தான்... மற்றவர்கள் சும்மா வந்து போனவர்கள்.

கணவர் இல்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை. ஒரே மகள் நிவேதா, இத்தாலிக்குப் படிக்கப் போன இடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் அந்த ஊர்ப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். மேடம் எட்டு மாதம் மகளோடு பேசவில்லை. போன் வந்தால் கவிழ்த்து வைத்துவிடுவார். அப்புறம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்...

அப்போதுதான் மகளிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு அம்மன் படம், கையில் கோதுமைக் கதிர். கூடவே மூன்று கிரிஸ்டல் கல், ஒரு துண்டுச் சீட்டு.

மஞ்சள் கல் விளைந்த கதிருக்காம். உள்ளே பாசி படர்ந்த மாதிரி இருந்த பச்சைக் கல் மண்ணுக்காம். வெள்ளைக் கல் மழைக்காம். வெள்ளிக்கிழமை கழுவி, தானியத்தின் மேல் வைத்துக் கும்பிட வேண்டுமாம்.

மகள் மேல்தான் கோபம், சாமி மேல் என்ன கோபம்? மேடம் பேக்கிங் ஹாலில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் கோதுமையைப் பரப்பி, மூன்று கல்லையும் வைத்துவிட்டார்.

நான் வெள்ளைக் கல்லை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. ஒரிஜினல் ஸ்படிகம் என்று அங்கேயே சர்டிபிகேட் கொடுத்துவிட்டேன்.

"யாரு மேடம் இந்தச் சாமி?"

"ரோமாபுரிச் சாமியாம்ணே. சீரஸ்னு எழுதியிருக்கா."

"சீரா? சீருக்குன்னு தனிச் சாமியா!"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் காலத்தில் ரோமாபுரிக்காரன் மதுரைக்கு மிளகு வாங்க வந்தவன்தானே... வைகை ஆற்றில் அவன் காசு இன்னும் கிடக்கிறது, நானே ரெண்டு எடுத்திருக்கிறேன். வந்தவன் நம் ஊர்த் தாய்மாமன் சீரைப் பார்த்து அசந்துபோய், ஊருக்குப் போய் அதையே சாமியாக்கிவிட்டான். சாப்பாட்டு நேரத்தில் மில்லையே கூட்டி வைத்து இதை விளக்கினேன். ஒருத்தனும் மறுத்துப் பேசவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சீர் சாமிக்கே சீர் எடுத்தோம். என் ஃபிட்டர் ரூமிலிருந்து பேக்கிங் ஹால் வரை ஏழு தட்டு... வளையல், பழம், பூ, மஞ்சள், குங்குமம், மைசூர்பாகு. ஏழாவது தட்டில் அந்த மூன்று கல்லும் கோதுமை மேல் ஜம்மென்று உட்கார்ந்து வந்தன. பின்னால் முந்நூறு பேர். சரி... முப்பது பேர் இருப்போம்.

லோடுமேன் செல்வம் சும்மா இருப்பானா?

"ஏண்ணே, சாமிக்கே நீங்க தாய்மாமனா? அப்ப அவுக ஆத்தா உங்களுக்குத் தங்கச்சியா? ஃபேமிலி ரொம்பப் பெருசுண்ணே!"

"ஆமாடா. உனக்கென்ன வயித்தெரிச்சல்? தட்டைத் தூக்கு."

ஆனால் மேடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தப்பாகக் கும்பிட்டால் சாமிக்குத்தம் ஆகிவிடுமே என்று போனை எடுத்தார். எட்டு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவை. அவசரத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"ஏய் நிவேதா... இது சீர் சாமியாடி?"

 அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம்.

"சீர் இல்லம்மா... சீரஸ். விளைச்சலுக்கு உள்ள சாமி. அதோட மகளை ஒருத்தன் தூக்கிட்டுப் போயிருவான். அம்மாக்காரி தேடித் தேடி அலையும். அதுவரைக்கும் உலகத்துல ஒரு பயிரும் விளையாது."

முப்பது பேரும் தட்டோடு நிற்கிறோம்.

"அப்புறம்... மக வந்தாளா?"

"வந்தாம்மா. வருசத்துல பாதி நாள் அம்மாட்ட இருப்பா."

"பாதி நாளெல்லாம் வேணாம்டி. ஒரு நாள் வந்துட்டுப் போ."

நான் போனைப் பிடுங்கினேன். இந்த மாதிரி நேரத்தில் நான்தானே பேச வேண்டும்!

"மருமகளே, மாமன் பேசுறேன். ஏழு தட்டு சீர் ரெடியா இருக்கு. மாப்ளயோட வந்து வாங்கிக்க."

தை மாதம் வந்தார்கள். திருப்பரங்குன்றத்தில் வைத்து நான்தான் தாய்மாமனாக நின்று மாலை போட்டேன். இத்தாலிக்கார மாப்பிள்ளை வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பதினாறு பரோட்டா சாப்பிட்டார், நான் எண்ணினேன். மேடம் அன்றைக்கு உட்காரவே இல்லை... சிரித்துக்கொண்டே பந்தியில் சுற்றிச் சுற்றி வந்தார்.

அதற்குப் பிறகு தினம் போன்தான். மூட்டை தைக்கும் சத்தத்துக்கு நடுவிலும் அம்மாவும் மகளும் கத்திக் கத்திப் பேசுவார்கள்.

இன்று விடியும்போது நிவேதா வழியில் ஏதோ ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டாள்.

"மாமா, அம்மாவுக்குப் பொறந்த வீட்டுக் கோடிச் சேலை நீங்கதான் போடணும். வேற யாரு இருக்கா?"

எடுத்துவிட்டேன் மேடம். நல்ல சுங்குடிச் சேலை, கடையையே புரட்டிப் போட்டு எடுத்தது.

மதியத்துக்குள் உங்களை எடுத்துவிடலாம் என்று இங்கே நாலு பேர் பேசுகிறார்கள். நான் சத்தம் போட்டு உட்கார வைத்துவிட்டேன். செல்வத்தை வாசலில் நிறுத்தியிருக்கிறேன்.

நிவேதா ஃபிளைட் மூன்று மணிக்கு இறங்குகிறது. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

கொஞ்சம் பொறுங்கள் மேடம்... உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பார்த்துவிட்டுப் போங்கள்.