எதிரெதிர்த் திசையில் இருவர்

குரூப் ஃபோர் தேர்வை இதுவரை மூன்று முறை எழுதியிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் தூரம், வேகம், நேரம் பற்றிய கேள்விகளைப் படிக்கவே இல்லை. ‘இரண்டு ரயில்கள் எதிரெதிர்த் திசையில்’ என்று தொடங்கினாலே அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். கடைசி நிமிடத்தில் அவை எல்லாவற்றுக்கும் ‘பி’ கட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு எழுந்து வருவேன். இத்தனைக்கும் எங்கள் வீடு பொம்மிடி ஸ்டேஷனுக்கு அடுத்த தெரு. “தெனமும் ரயில பாத்துக்கிட்டே துணி காயப்போடற, ரயில் கணக்கு மட்டும் வரமாட்டேங்குதா?” என்று என் கணவர் கேட்பார். எனக்குக் கோபம் வராது. அவர் கேட்டது நியாயம்தான்.

மூன்றாவது முறைக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் அரூருக்குப் போனேன். அங்கே நூலகத்து மாடியில் இலவசமாக வகுப்பு எடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். கல்யாணமான பெண்கள் என்னையும் சேர்த்து இரண்டு பேர்தான். இன்னொருவர் சித்தேரி மலையிலிருந்து வருவார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், பி.ஏ. முடித்தவர், வீட்டில் சாமையும் ராகியும் பயிரிடுகிறார்கள். மலை பஸ்ஸின் நேரத்துக்குத்தான் வருவார், போவார். முதல் சில வாரம் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

ஒருநாள் ஆசிரியர் ஒரு கணக்கு கொடுத்தார். பேருந்து ஒன்று மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் மலை ஏறுகிறது, அதே வழியில் மணிக்கு முப்பது வேகத்தில் இறங்குகிறது. சராசரி வேகம் என்ன? ஒருவரைத் தவிர எல்லோரும் இருபத்தைந்து என்றோம்.

“இருபத்தஞ்சு வராதுங்க சார்” என்றார் அந்தச் சித்தேரிக்காரர்.

“ஏன் வராது?”

“ஏறும்போதுதான ரொம்ப நேரம் பஸ்ஸுல குந்தியிருக்கறோம். அப்ப விடை இருபது பக்கம்தான சாயணும்?”

ஆசிரியர் பலகையில் போட்டுக் காட்டினார். தூரம் அறுபது கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏற மூன்று மணி நேரம், இறங்க இரண்டு மணி நேரம். நூற்றிருபதை ஐந்தால் வகுத்தால் இருபத்து நான்கு. அடுத்த வாரத்திலிருந்து நான் அந்த அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்குச் சூத்திரம் மறந்துவிடும், எனக்கு அது மனப்பாடம். எனக்குக் கேள்வியில் என்ன நடக்கிறது என்பதே பிடிபடாது, அவருக்கு அது உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு கணக்குக்கும் நோட்டில் ஒரு கோடு இழுத்து, யார் எங்கிருந்து கிளம்புகிறார் என்று குறித்துக்கொண்டு ஆரம்பிப்போம்.

தேர்வு அரூரில் ஒரு பள்ளியில். ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். நான் ஸ்கூட்டரில் முன்னதாகவே போய்விட்டேன். ஏழு ஐம்பதுக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது.

“ஏம்மா, பஸ்ஸு நடுவழியில நின்னுபோச்சு. வேற வண்டி எதுவும் காணல.”

“எங்க நிக்கறீங்க அக்கா? பக்கத்துல கிலோமீட்டர் கல்லு இருக்கா?”

“இருக்குது. அரூர் இருபதுன்னு போட்டிருக்குது.”

கேட் சுவரில் சாய்ந்தபடி ஹால் டிக்கெட் உறையின் பின்புறம் ஒரு கோடு இழுத்தேன். ஸ்கூட்டர் முப்பத்தைந்து, நடை ஐந்து, கூட்டினால் நாற்பது. இடையில் இருபது கிலோமீட்டர், அரை மணியில் சந்திப்போம், திரும்ப இன்னொரு அரை மணி. எட்டு ஐம்பது. அவர் அங்கேயே நின்றால் ஒன்பது நிமிடம் கூடும்.

“நிக்காதீங்க அக்கா, நடந்து வாங்க. நான் வண்டியில வரேன்.”

“குறுக்குப் பாதையில எறங்கிடட்டா? சீக்கிரம் வந்துடுவேன்.”

“வேணாங்க்கா. ரோட்டுலயே வாங்க. இல்லன்னா ஒருத்தர ஒருத்தர் பாக்காம தாண்டிப் போயிடுவோம்.”

ஏற்றத்தில் என் ஸ்கூட்டர் இருபதைத் தாண்டவில்லை. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அவரும் ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார். ஒரு வளைவில் அவரைப் பார்த்தேன். ஏறி உட்கார்ந்தார். பள்ளி கேட்டில் காவலர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “சீக்கிரம் போங்கம்மா” என்றார். ஒன்பதுக்கு நான்கு நிமிடம் இருந்தது.

முடிவு வந்த அன்று அவரே கூப்பிட்டார். அவர் தேர்வாகியிருந்தார். இப்போது பாப்பிரெட்டிப்பட்டியில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். என் எண் பட்டியலில் இல்லை என்பதையும் பார்த்திருந்தார்.

“ஏம்மா, என்னக் கூட்டியார வந்ததாலதான் உனக்கு...”

“இல்லக்கா. கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டேன். தமிழ்லதான் மார்க்கு போச்சு.”

பொய் இல்லை. தூரக் கணக்குகளில் ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் எங்கள் வினாத்தாளில் தமிழ்ப் பகுதிதான் முதலில் இருந்தது. அந்த முதல் அரை மணி நேரம் வண்டி ஓட்டி வந்த பதற்றம் அடங்காமல் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை படித்தேன். மதிப்பெண் போனது அதனாலா, நான் படிக்காததாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். இந்த முறை இலக்கணத்தை முதலிலிருந்து படிக்கிறேன்.