இருபத்தாறு கிலோ சந்தேகம்

பலாங்கொடையிலிருந்து மேலேறும் பஸ் கடைசியாகத் திரும்பும் வளைவுக்கு அப்பால் இருக்கிறது அந்தத் தேயிலைத் தோட்டம். அங்கே சீதாதேவியை ஏமாற்றியவர் எவரும் இல்லை. ஏமாற்ற நினைக்காதவரும் எவரும் இல்லை என்பது அவளுடைய முடிவு. மருந்துச்சாலையில் தரும் மாத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பால்மா பாக்கெட்டைக் காதோரம் வைத்துக் குலுக்குவாள். கணவன் வேலுசாமி இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலை செய்துவிட்டு வாரக் கடைசியில் வருவான். வந்தவனுக்குத் தேத்தண்ணி கொடுப்பதற்கு முன்னால் முகத்தை ஒரு சுற்றுச் சோதித்துவிடுவாள். "சாமிக்கு ஒடைக்கிற தேங்காயக்கூட ரெண்டு தரம் ஆட்டிப் பாத்துட்டுத்தான் ஒடைப்பா" என்று அவன் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

ஆனால் கொழுந்து பறிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தத் தோட்டத்தில் ஒரு பேருக்குப் பதினெட்டு கிலோ. குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம். சீதாதேவி இருபத்தாறுக்குக் கீழே இறங்கமாட்டாள். அவளுக்கு அடுத்த நிரையில் பறிக்கும் ராகினி, ஓயாமல் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருபத்துமூன்று, இருபத்துநான்கு என்று இரண்டாவதாக வருவாள். இருபத்திரண்டு வருடமாக இதில் மாற்றம் இல்லை.

இந்த வருடம் தோட்டத்துக்குப் புதிய மின்தராசு வந்தது. தராசோடு கூடவே ஒரு வகுப்பும் வந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு அதிகாரி மாத்தயா, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் பெண்களை உட்கார வைத்து, பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் கேட்டார். காலையில் எழும்பி மலைக்கு வர உங்களுக்கு எது தெம்பு தருகிறது? பிள்ளைகள் என்றாள் ஒருத்தி. முருகன் என்றாள் இன்னொருத்தி. சீதாதேவியின் முறை வந்தது.

"பயவெண்ட எப்பா அக்கே, சும்மா சொல்லுங்க" என்று அவர் தைரியம் சொன்னார்.

"எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள் சீதாதேவி.

"சும்மாதான். தெரிஞ்சுக்க."

"சும்மா தெரிஞ்சுக்கவா கொழும்புலருந்து வந்தீங்க? தெம்பு இருக்குன்னு சொன்னா நாளைக்குப் பேருக்கு இருபது கிலோ ஆக்குவீங்க. எனக்குத் தெம்பே இல்லைங்க. எழுதிக்கங்க."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாத்தயா எழுதிக்கொண்டாரா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

அவளுக்குத் தன் தெம்பு எங்கிருந்து வருகிறது என்று நன்றாகத் தெரியும். பத்தொன்பது வயதில் பேர் பதிந்து மலைக்கு வந்த முதல் மாதம், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தொங்குதராசின் முள் எட்டில் நின்றது. அதே வருடம் வேலைக்கு வந்திருந்த கணக்கப்பிள்ளை கிருஷ்ணராஜ் ஆறு என்று எழுதினார்.

"ஐயா, முள்ளு எட்டுல நிக்குது. ஒங்க பேனா மட்டும் ஏன் ஆறுல நிக்குது?"

புதிதாக வந்த பெட்டை இப்படிக் கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வெட்டிவிட்டு எட்டு என்று எழுதினார். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று நிறுவையிலும் அவர் வாய் திறப்பதற்கு முன்னால் அவள் எண்ணைக் கத்திவிடுவாள். மடுவத்துக்குக் கீழே லொறிக்காரனுக்குக்கூடக் கேட்கும். மலையில் நிற்கும்போது அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. இன்றைக்கு எத்தனை வெட்டப் பார்ப்பார், எந்த நேரம் பார்த்து வெட்டுவார் என்று நினைக்க நினைக்கக் கை தானாக ஓடும். காய்ச்சலோடு பறித்திருக்கிறாள். அம்மா செத்த எட்டாம் நாள் வந்து பறித்திருக்கிறாள். கிருஷ்ணராஜ் என்ற ஒரு மனிதர் தன்னை ஏய்க்கக் காத்திருக்கிறார் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

இப்போது முள்ளும் இல்லை, பேனாவும் இல்லை. பையை வைத்தால் சிவப்பு எழுத்தில் எண் விழுகிறது. கணக்கப்பிள்ளை பக்கத்தில் சும்மா நின்று பட்டனை அழுத்துகிறார். சீதாதேவி அதை நம்புவாளா? பலாங்கொடை டவுனில் அப்துல் ரஸாக்கின் கடையில் ஒரு கிலோ கோதுமை மா வாங்கி, அதைக் கொழுந்துக்கு நடுவில் புதைத்து நிறுத்துப் பார்த்தாள். பிறகு அதை வெளியே எடுத்துவிட்டு, ஏதோ மறந்ததாகச் சொல்லி மறுபடி நிறுத்தாள். சரியாக ஒரு கிலோ குறைந்தது. அப்படியானால் மா பாக்கெட்டில்தான் கோளாறு. அடுத்த ஞாயிறு அதைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனாள்.

"என்ன தங்கச்சி, மா பழுதா?" என்று கேட்டார் ரஸாக்.

"பழுதில்ல நானா. நிறுத்துக் காட்டுங்க."

அவர் முகத்தைச் சுளிக்காமல் நிறுத்தார். "ஒரு கிலோ சரியா ஈக்கிது. கவரோட சேத்து அஞ்சு கிராம் கூடவே ஈக்கிது. போதுமா?"

போதவில்லை. ஆனால் இதற்கு மேல் எங்கே போவது? பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்கு ஏனோ அழுகை வந்தது. தராசு நல்ல தராசாக இருப்பதற்கு யாராவது அழுவார்களா?

அதற்குள் இன்னொரு விசயம் கண்ணில் பட்டது. மின்தராசு வந்த நாளிலிருந்து ராகினிக்கு இருபத்தேழு. சீதாதேவிக்கு அதே இருபத்தாறு. ஒரே இரவில் ஒருத்திக்கு மூன்று கிலோ எங்கிருந்து முளைக்கும்? கொழுந்தைப் பீலித் தண்ணியில் நனைக்கிறாளா? முற்றின இலையை அடியில் போடுகிறாளா? கல்லையே வைக்கிறாளா? ஒரு வாரம் சீதாதேவி தன் செடியைப் பார்த்ததைவிட ராகினியின் கையைப் பார்த்ததுதான் அதிகம். ராகினி எப்போதும் போல இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினாள், எப்போதும் போலச் சிரித்தாள், பக்கத்து லயத்து வீட்டுக் கல்யாணத்தில் சோறு குழைந்துபோன கதையை மூன்றாம் தடவை சொன்னாள். நனைக்கவில்லை, ஒளிக்கவில்லை. அதுதான் சீதாதேவியை இன்னும் குடைந்தது. ஒன்றும் தெரியாத அளவுக்குச் செய்கிறாள் என்றால் பெரிய கைகாரி.

இப்படிப் பார்த்துப் பார்த்து இருபத்தாறு இருபத்திரண்டானது. இருபத்திரண்டு பத்தொன்பதானது. வார முடிவில் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். அப்போதும் கை எழும்பவில்லை. செடிக்கு முன்னால் நின்றால் தூக்கம் தூக்கமாக வந்தது. யாரிடமிருந்து காப்பாற்றுவதற்காகப் பறிப்பது? வேலுசாமி அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரத்தம் சோதித்துப் பார்த்தான். இரத்தத்தில் குறை ஒன்றும் இல்லை. கண்ணூறு என்றார்கள் லயத்தில். பதினெட்டுக்குக் கீழே குறைந்துகொண்டே போனால் கொழுந்துக் கூட்டத்திலிருந்து எடுத்துப் புல்லு வெட்டப் போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் முதலாவதாக நின்றவள் சுரண்டியைப் பிடித்துக்கொண்டு வடிகான் ஓரம் நிற்கவேண்டும்.

திங்கட்கிழமை கடைசி நிறுவைக்கு முன்னால் அவள் பை பாதிதான் நிறைந்திருந்தது. ராகினி நிரையைத் தாண்டி வந்தாள். தன் பையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி, சீதாதேவியின் பையில் போட்டாள்.

"எடு" என்றாள் சீதாதேவி.

"இருக்கட்டும்கா. இன்னிக்கு ஒங்களுக்குக் கொறையும்."

"எடுங்கிறேன். என்ன வெச்சுப் போட்டியோ. மடுவத்துல கொட்டிப் பாத்து என்ன மாட்டிவிடவா?"

ராகினி போட்டதை அள்ளிக்கொண்டு தன் நிரைக்குப் போனாள். அதற்குப் பிறகு அன்று அவள் சிரிக்கவில்லை. சீதாதேவிக்குப் பதினேழு விழுந்தது. வாழ்க்கையில் முதல் அரைப் பேர்.

மறுநாள் மதிய நிறுவை முடிந்து மற்றவர்கள் சோற்றுக்கு உட்கார்ந்த நேரம், அவள் மடுவத்தில் நின்றுவிட்டாள். கிருஷ்ணராஜுக்கு இப்போது தலை நரைத்து, ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லக்கூடாது."

"ஒன்கிட்ட பொய் சொல்லித் தப்பிக்க முடியுமா புள்ள?"

"அந்த முதல் தடவைக்கு அப்புறம் என் கொழுந்துல எத்தன கிலோ வெட்டினீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒன்னோடதுல ஒரு கிலோகூட வெட்டல. நீதான் முள்ளயே பாத்துக்கிட்டு நிப்பியே. கை வருமா?"

அப்படியானால் இத்தனை வருடம் யாரோடு சண்டை பிடித்தாள்?

"அப்ப யாருகிட்டயும் வெட்டலியா?"

"வெட்டாம எப்படி? லொறி ஃபாக்டரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள கொழுந்து காஞ்சு எட கொறையும். இங்க எழுதினதும் அங்க நிறுத்ததும் சரிவரலன்னா என் தலையிலதான் விழும். பாக்காதவங்ககிட்ட ஒரு நிறுவைக்கு ஒரு கிலோ எடுப்பேன். ஒன்னோட பங்கும் அவங்க மேலதான் போச்சு." அவர் வெளியே பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். "சிரிச்சுக்கிட்டே போறவங்ககிட்ட வெட்டுறது லேசு. பாவந்தான். இப்ப சொல்லி என்ன."

நிறுவைக்கு ஒரு கிலோ. நாளைக்கு மூன்று கிலோ. கணக்குப் போட அவளுக்குப் பேனா தேவைப்படவில்லை. ராகினிக்கு மூன்று கிலோ முளைக்கவில்லை, திரும்பிக் கிடைத்திருக்கிறது. ராகினி எப்போதும் இருபத்தேழு பறித்தவள். இருபத்திரண்டு வருடமும் அவள்தான் முதலாவது.

சாப்பிடாமலே மலைக்கு ஏறினாள். இதை ராகினியிடம் சொல்லவே வேண்டாம் என்று பாதி வழி வரை நினைத்தாள். சொன்னால் தன் பெயருக்கு என்ன மிஞ்சும்? ஆனால் சோறு முடிந்து அடுத்த நிரைக்கு வந்த ராகினியின் சிரிப்பில்லாத முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"ராகினி. இத்தன வருசமும் ஒன் கொழுந்துல தெனம் மூணு கிலோ வெட்டியிருக்காரு கணக்கப்பிள்ள. அவரே சொன்னாரு."

ராகினியின் கை நிற்கவில்லை. "தெரியும்கா."

"தெரியுமா? தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"எங்க சும்மா இருந்தோம்? நீங்கதான் தெனம் மூணு தரம் சத்தம் போட்டுக் கேட்டீங்களே. எனக்கு அந்தாள பாத்தாலே வாய் கட்டிக்கும். எங்க எல்லாருக்கும் சேத்துத்தான் அக்கா கேக்குதுன்னு பேசிக்குவோம். நீங்க கேக்கலைன்னா அஞ்சு கிலோ வெட்டியிருப்பாரு. ஒங்க சத்தம் காதுல விழுந்தாத்தான் எனக்குப் பின்னேரம் கை ஓடும்." அவள் கொழுந்தைப் பைக்குள் எறிந்தாள். "அதுக்குத்தாங்கா நேத்து ரெண்டு கை போட்டேன். வேற ஒண்ணும் வெச்சுப் போடல."

அடுத்தவள் பை ஏறும்போது முள்ளை ஒரு நாள்கூடத் தான் பார்த்ததில்லை என்று சொல்லச் சீதாதேவிக்கு வாய் வரவில்லை. தன் எண்ணைக் கத்திவிட்டு, பையை உதறிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவதுதான் அவள் வழக்கம். வெட்கமாக இருந்தது. முகத்தைச் செடிக்குள் புதைத்துக்கொண்டு பறித்தாள். எத்தனை பறித்தோம் என்று அன்று அவள் கணக்கு வைக்கவில்லை.

கடைசி நிறுவையில் அவளுடைய நாள் கணக்கு இருபத்தொன்றில் நின்றது. அவள் பையை இறக்கி உதறி மடித்தாள். பிறகு தராசுக்குப் பக்கத்திலேயே ஓரமாக நின்றுகொண்டாள். ராகினியின் பை ஏறியது. எண் விழுந்ததும் சீதாதேவி அதைச் சத்தமாகப் படித்தாள். அதற்கு அடுத்தவளுடையதையும் படித்தாள்.

கிருஷ்ணராஜ் நிமிர்ந்து பார்த்தார். "ஒன்னோடது முடிஞ்சிருச்சே. வீட்டுக்குப் போகலியா?"

"இன்னும் பதினாலு பேர் இருக்காங்க ஐயா" என்றாள். "நீங்க நிறுங்க."