லாமியாங் கூப்பிட்ட காற்று

லாமியாங்குக்குப் போலீஸ் என்றாலே குலை நடுக்கம். போர்னியோத் தீவின் கலிமந்தானில், எங்கள் ஆற்றங்கரையில், போன கோடையில்தான் அடுத்த ஊர்க்காரன் ஒருவனைக் காட்டுக்குத் தீ வைத்தான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். யாரும் எதையும் எரிக்கக் கூடாதென்று காட்டைக் காப்பாற்ற வந்த சட்டமாம். பெரிய தோட்டக்காரர்கள் இயந்திரம் வைத்துக் காட்டை மொட்டையடித்தபோது அது எங்கே போயிருந்ததோ! லாமியாங்கின் புருஷன் முன்னொரு வருஷத்துக் காட்டுத்தீப் புகையில் நெஞ்சு கெட்டுப் படுத்தவன். அவளும் உள்ளே போய்விட்டால் அவனுக்கு ஒரு வாய் கஞ்சி ஊற்ற ஆளில்லை.

ஆனால் புதரை வெட்டிப் போட்டு எரிக்காமல் நெல் விதைக்க அவளுக்குத் தெரியாது. முன்பெல்லாம் எரிப்பது ஊர்வேலை. இன்று உன் நிலம், நாளை என் நிலம் என்று முறை வைத்துக்கொண்டு, நாலு பக்கமும் தண்ணீரோடு ஆட்கள் நிற்பார்கள். தடை வந்தபின் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அவளும் ஊர் ஓய்ந்திருந்த மத்தியானத்தில் தன்னந்தனியாகக் கொளுத்தினாள்.

தீ மந்தமாகப் பிடித்தது. ஈரக் கட்டைகள் புகைந்தன. புகையை ஊரே பார்த்துவிடுமே! சீக்கிரம் எரிந்து தொலைந்தால் போதும் என்ற பதற்றத்தில், உதட்டைக் குவித்து விசிலடித்தாள். எரிக்கிற அன்று காற்றை அப்படிக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். அளவு மீறினால், போதும் நிறுத்து என்று கூட்டத்தில் யாராவது அதட்டுவார்கள். இன்று அதட்ட ஆளில்லை. காற்று வந்தது. வந்த வேகத்தில் தீ வரப்பைத் தாண்டி ரிந்திங்கின் ரப்பர் மரங்களுக்குள் புகுந்தது.

ரிந்திங் பக்கத்து நிலத்துக்காரன். ஊர்த் தீக்காவல் குழுவின் தலைவனும் அவன்தான். தீ வைத்தவர் யார் என்று அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டியவன். எங்காவது ஒளிந்துகொள்ளலாமா என்று லாமியாங் ஒரு கணம் நின்றாள். பிறகு அவன் வீட்டைப் பார்த்தே ஓடினாள்.

தண்ணீர்ப் பம்போடு ஊர் திரண்டது. மேலே தீ அடங்கியது. ஆனால் எங்கள் மண் வெறும் மண் இல்லை, மக்கிய மரமும் வேருமாய் ஆளுயரத்துக்குக் கிடப்பது. காய்ந்தால் அதுவும் எரியும். அடியில் கனல் எந்தப் பக்கம் போகிறதென்று யாருக்கும் தெரியவில்லை. நின்ற இடமெல்லாம் காலில் சுட்டது.

"ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதாக்கா? வந்து நின்னிருப்போம்ல" என்றான் ரிந்திங்.

"கூப்பிட்டா உங்களையும்ல சேத்துப் பிடிப்பாங்க."

வானத்திலிருந்தே தீயைக் கண்டுபிடிக்கிற காலம் இது. சாயங்காலத்துக்குள் அதிகாரிகளின் வண்டி வந்து நின்றது. யார் வைத்தது என்று கேட்டார்கள். வெயிலுக்குத் தானாகப் பிடித்திருக்கும் என்று ரிந்திங் இழுத்தான். அவன் மரங்கள் அவன் முதுகுக்குப் பின்னால் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. அப்படியானால் காவல் குழுத் தலைவன் நீயே வந்து பதில் சொல் என்று அதிகாரி அவனை வண்டியில் ஏறச் சொன்னார்.

லாமியாங் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான்தாங்கய்யா வச்சேன்" என்றாள்.

ஏறும்போது ரிந்திங்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்குக் கஞ்சியத் தண்ணியா வச்சுக் குடு தம்பி. கெட்டியா இருந்தா இருமல் வந்துரும்."