இரண்டு குதிரைகளுக்கு ஒரு சொல்

அத்தைக்கு வேலை கிடைக்க வேண்டும்; கிடைக்காவிட்டால் தை மாதம் விழுப்புரத்து மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அப்பாவும் அவர் தங்கையான அத்தையும் செய்துகொண்ட ஒப்பந்தம் இது. திண்டிவனத்தில் ஆங்கிலம் எம்.ஏ. முடித்த அத்தை, பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் போய் ஜெர்மனும் கற்றிருந்தாள்.

"இன்னும் எத்தினி பாஷை படிச்சிக்கினு இருப்ப? கல்யாண மண்டபத்துல தமிழே போதும்மா" என்பார் அப்பா.

"அந்த மாப்ள அதுகூடப் பேச மாட்டாரு போலருக்கேண்ணா."

வானூர் பக்கம் குதிரை வளர்த்த ஒரு ஜெர்மன் அம்மா, தன் குதிரைகளைப் பற்றி எழுதியதை ஆங்கிலமாக்க ஆள் தேடினார். அத்தை பரீட்சைக்குப் போனாள். துணைக்கு நான். எங்கள் வீட்டில் பெண் தனியாக வெளியே போனால் ஒரு குழந்தையை உடன் அனுப்புவார்கள். எட்டு வயதுக்காரி யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றுவாள் என்று எவரும் கேட்டதில்லை.

ஒரே ஒரு பக்கம். மளமளவென்று எழுதிய அத்தை, பாதியில் பேனாவை மூடினாள். 'ஷெக்கெ' என்ற சொல்லில் நின்றிருந்தாள். உடம்பில் வெள்ளைத் திட்டுகள் படர்ந்த குதிரையைக் குறிப்பது அது. எழுதியவர் தன்னுடைய இரண்டு குதிரைகளையுமே அப்படித்தான் குறிப்பிட்டிருந்தார். குதிரைகளைப் பார்க்க வேண்டும் என்றாள் அத்தை.

பதில் தெரியாதபோது நான் தண்ணீர் குடிக்கப் போவேன். இதுவும் அதுதான் என்று நினைத்ததும் என் முகம் சுண்டிவிட்டது.

"தெரிலன்னா வுட்டுட்டு அடுத்ததை எழுது அத்தை. எங்க மிஸ்ஸு அப்பிடித்தான் சொல்வாங்க."

"சும்மா வாடி."

லாயத்தில் ஒன்று கறுப்பும் வெள்ளையுமாக நின்றது. மற்றது செம்பழுப்பும் வெள்ளையும்.

"இந்த மாதிரி நம்மூட்ல மாடு இருந்தா இன்னான்னு சொல்வோம்?"

"இது கறுப்பு மறை. அது செவலை மறை."

"ரெண்டும் ஒண்ணுதான்னா உங்கப்பா ஒத்துக்குவாரா?"

"அடிக்க வருவாரு."

அத்தை சிரித்தாள். ஜெர்மனில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும்; ஆங்கிலக் குதிரைக்காரர்கள் நம்மைப் போலப் பிரித்துத்தான் சொல்வார்கள். திரும்பி வந்து கறுப்பு மறைக்கு 'பைபால்ட்' என்றும், செவலை மறைக்கு 'ஸ்க்யூபால்ட்' என்றும் எழுதினாள். ஜெர்மன் அம்மா படித்தார், தன் அகராதியைப் புரட்டினார், மறுபடி படித்தார். முன்பு வந்தவர்கள் எல்லோரும் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டுப் போனார்களாம். திங்கட்கிழமையே வரச் சொன்னார்.

பஸ் ஏறியதும் கண்டக்டரிடம் நான்தான் சொன்னேன், எங்கள் அத்தை ஜெர்மன்காரரையே அகராதி பார்க்க வைத்தாள் என்று. அத்தை அப்பாவுக்குப் போன் போட்டு, நானும் கேட்கும்படி வைத்தாள். வேலை கிடைத்ததையும் இரண்டு மறைகளின் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"செரிம்மா. விழுப்புரத்துக்காரங்ககிட்ட வேணான்னு சொல்லிடறேன்" என்றவர், வைக்காமல் கேட்டார்: "ஏம்மா, குதிரையில செவலை மறையா? நெசமாவா?"

போனை மடியில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிய அத்தை அழ ஆரம்பித்தாள். வேலைதான் கிடைத்துவிட்டதே, எதற்கு அழுகை என்று எனக்கு விளங்கவில்லை. விடை தப்பாகிவிட்டதோ என்று பயப்படுகிறாள் போலும்.

"ரெண்டும் ரைட்டுதான் அத்தை" என்று திண்டிவனம் வரும்வரை அவளைத் தேற்றிக்கொண்டே வந்தேன்.