ஞாயிறு நாலு மணி, லில்லி அக்கா கடை

லில்லி அக்கா இறந்துவிட்டார்.

இன்று காலை பஸ்ஸில் போகும்போது, அவர் சர்ச் ஆட்கள் யாரோ வைத்திருந்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டோ பார்த்தேன். மாலை போட்ட போட்டோ. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, எங்கே போவதென்று தெரியாமல் நின்றேன்.

தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். என் பிரெண்ட் லிஸ்டில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்காது. எனக்கு ஐந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்தான்.

முதலில் போனது நகல் எடுக்க. என் விவாகரத்துத் தீர்ப்பு... மூன்று செட். அக்கா ஒவ்வொரு தாளாகத் திருப்பி வைத்தார். படித்திருப்பார், தெரியும். ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுக்கும்போது மட்டும் கேட்டார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என்னத்தா செய்வ?"

"ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான் இருப்பேன்."

"அப்ப நாலு மணிக்கு இங்கன வா. போர்டு கேம் ஒண்ணு இருக்கு, நாலு பேர் வேணும். நாங்க மூணு பேருதான் இருக்கோம்."

போனேன். பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, லேமினேஷன் மெஷினை ஓரமாகத் தள்ளி, டேபிளில் போர்டை விரித்திருந்தார். காய்கறி மார்க்கெட்டில் எடை போடும் பாண்டி அண்ணன், ஏலக்காய் கம்பெனியில் வேலை பார்த்த ஜோஜி சார், அக்கா, நான்.

கலர் சீட்டுகளைச் சேர்த்து, குட்டி ரயில் பெட்டிகளை வைத்து, ஊருக்கு ஊர் ரயில் பாதை போடுகிற விளையாட்டு அது. வெளிநாட்டிலிருந்து யாரோ வாங்கி வந்து கொடுத்தது. அந்த ஊர்ப் பெயரெல்லாம் வாயில் நுழையவில்லை என்று அக்கா ஒவ்வொன்றின் மேலும் தமிழில் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தார். போடி, தேவாரம், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், குமுளி...

கம்பத்துக்கு ரயில் வந்தது அந்த போர்டில் மட்டும்தான். முதல் வாரமே குமுளி வரைக்கும் நான் பாதை போட்டுவிட்டேன். ஜோஜி சார் எழுந்து நின்று கை தட்டினார். யாராவது எனக்காகக் கை தட்டி ரொம்ப நாள் ஆகியிருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஜோஜி சார் கட்டப்பனைக்கு மாறிப் போனார். அவ்வளவுதான், இனி ஆட்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் அந்த ஞாயிறு போனேன். அக்கா எப்போதும் போல போர்டை விரித்தார்.

"நாலு பேர் இல்லாம ஆட முடியாதுன்னீக?"

பெட்டியை என் பக்கம் திருப்பினார். இரண்டு முதல் நான்கு பேர் வரை என்று போட்டிருந்தது.

"அன்னைக்கு நாலு பேர் வேணும்னு தோணுச்சு. சீட்ட எடு."

அப்புறம் பாண்டி அண்ணனையும் மகன் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய்விட்டான். நாங்கள் இரண்டு பேர்.

போன வருடம் அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. பிழைத்துவிட்டார், ஆனால் வலது கை வரவில்லை. சீட்டைப் பிடிக்க முடியாது. ஸ்டாம்ப் பேட் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு ரயில் பெட்டியாக வைப்பார். ஒன்று வைத்தால் இரண்டு சாயும். உதவப் போனால் கையைத் தட்டிவிடுவார்.

ஒரு நாள் என்னால் பார்க்க முடியவில்லை. கையிலிருந்த சிவப்புச் சீட்டை வைத்து அவருடைய போடி பாதையை நான் அடைத்திருக்கலாம். அடைக்காமல் விட்டேன். அவர் ஜெயித்தார்.

சிரிக்கவில்லை. "அந்த செவப்புச் சீட்டக் காட்டு" என்றார். காட்டினேன்.

"கைதான் போச்சு கோமதி. மண்ட நல்லாத்தான் இருக்கு." இடது கையால் போர்டை ஒரே தள்ளு. எல்லாம் தரையில். "வீட்டுக்குப் போ."

குனிந்து பொறுக்கப் போனேன். வேண்டாம் என்றார்.

மூன்று ஞாயிறு நான் போகவில்லை. வெட்கம். வீட்டில் டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். நாலு மணி ஆனால் மட்டும் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

நான்காவது ஞாயிறு மதியம் அவரே போன் செய்தார்.

"கோவிச்சது நானு. நீ எதுக்குடி வராம இருக்க?"

போனேன். அன்றைக்கு ஈவு இரக்கமே பார்க்காமல் ஆடினேன். அவர் போட வந்த பாதையெல்லாம் அடைத்தேன். மோசமாகத் தோற்றார். கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தார். "பாவி... தேவாரத்தையும் விடலையே!" அதற்கப்புறம் ஒரு ஞாயிறுகூட நான் தவறவிடவில்லை.

போன ஞாயிறும் ஆடினோம்.

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. நான்கு பேர்தான். அதில் செய்தி போட்டேன். ஜோஜி சார் உடனே கூப்பிட்டார். "அய்யோ... நம்ம அக்காவோ?" என்றார். பாண்டி அண்ணனுக்கு இன்னும் ஒரு டிக்தான். இன்னொரு நம்பர் அக்காவுடையது...

அடக்கம் மதியம். யார் பக்கத்தில் நிற்பதென்று தெரியவில்லை. அக்காவின் தம்பி, போடி பஜாரில் கடை வைத்திருப்பவர், என்னிடம் வந்தார்.

"நீங்க யாரும்மா? சர்ச் ஆளுகளா?"

"இல்ல சார்."

"கடையில வேல பாத்தீகளா?"

"இல்ல... ஞாயித்துக்கிழமை வருவேன். அக்காவும் நானும் விளையாடுவோம்."

"விளையாடுவீகளா?"

எனக்கு நாற்பத்தாறு வயது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அக்கா சொன்னதே இல்லையே..." என்றார், பாதி தனக்குத்தானே. அப்புறம், "வெயிலா இருக்கு. அங்கன வேப்ப மரத்தடியில நில்லுங்கம்மா."

அங்கே போய் நின்றேன். சொந்தக்காரர்கள் எல்லாம் மண் போட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து, கடைசியாகப் போய் ஒரு பிடி போட்டேன்.

போய்ட்டு வாங்க லில்லி அக்கா.